பவுண்டரி பர்ச்சேஸில் கமிஷன்: எங்கே தேடுவது, எப்படி நிறுத்துவது?

கேள்வி: கோவை அருகே பவுண்டரி நடத்துகிறோம். பம்ப் காஸ்டிங்தான் முக்கியத் தொழில். மாதம் சுமார் 300 டன் ஸ்கிராப் வாங்குகிறோம். அப்பா காலத்திலிருந்து 18 வருடமாக ஒருவர்தான் பர்ச்சேஸ் பார்க்கிறார். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். போன மாதம் ஒரு ஸ்கிராப் வியாபாரி போன் செய்து, "உங்க அண்ணனுக்குக் கிலோவுக்கு அம்பது காசு போகுதுங்க, அது கட்டுப்படியாகாமத்தான் நான் சப்ளையை நிறுத்துனேன்" என்றார். விலையை விசாரித்துப் பார்த்தேன், மார்க்கெட் விலைதான் கொடுக்கிறோம். அப்படியானால் அந்த ஆள் பொய் சொல்கிறாரா?

இன்னொரு சிக்கலும் உண்டு. ஓர் அலுவலகத்தில் லைசென்ஸ் புதுப்பிக்க ஒவ்வொரு தடவையும் 20,000 ரூபாய் கேட்கிறார்கள். கன்சல்டன்ட் மூலம் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பணத்துக்காகப் பழைய மோல்டிங் பாக்ஸ், கசடில் கிடைக்கும் இரும்பு ஆகியவற்றைப் பில் இல்லாமல் விற்றுத் தருவதும் அதே அண்ணன்தான். அவரைக் கேள்வி கேட்டால் இதை வெளியே சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. அடுத்த புதுப்பித்தலுக்கு மூன்று மாதம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: மார்க்கெட் விலையில் வாங்குகிறீர்கள் என்பதை வைத்து அவர் கை சுத்தம் என்று முடிவு கட்ட வேண்டாம். ஸ்கிராப் விலை தினமும் பத்துப் பேருக்குத் தெரியும். அதில் கை வைத்தால் முதலாளி ஒரே போனில் கண்டுபிடித்துவிடுவார் என்று பர்ச்சேஸ் ஆளுக்கும் தெரியும். அதனால் கமிஷன் விலையில் ஏறாமல் எடையிலும் தரத்திலும் ஏறும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோவுக்கு 50 காசு என்றால் 300 டன்னுக்கு மாதம் ஒன்றரை லட்சம். மார்க்கெட் விலைக்கே சரக்குக் கொடுக்கும் வியாபாரி இதைத் தன் லாபத்திலிருந்து கொடுக்க மாட்டார். பத்து டன் லோடு ஒன்றில் 300 கிலோ எடை கூட்டிக் காட்டினால் போதும். மாதம் 30 லோடு, 9 டன். கிலோ 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3 லட்சத்து 15 ஆயிரம். அதாவது உங்கள் அண்ணன் கைக்குப் போவது ஒன்றரை லட்சம் என்றால் உங்கள் கையை விட்டுப் போவது அதைப் போல் இரண்டு பங்கு.

300 கிலோவைக் கூட்டுவதற்குப் பெரிய தந்திரம் எதுவும் தேவையில்லை. லோடோடு எடை போடும்போது டிரைவரும் கிளீனரும் வண்டிக்குள் இருப்பார்கள், 200 லிட்டர் தண்ணீர் டிரம் நிரம்பியிருக்கும். காலி வண்டி எடை போடும்போது இருவரும் கீழே நிற்பார்கள், டிரம் காலியாக இருக்கும். வேலை முடிந்தது. காலி வண்டியின் ஒரு சக்கரத்தை எடைமேடையின் விளிம்புக்கு வெளியே நிறுத்துவது இன்னொரு வழி. காலி எடை குறைந்தால் சரக்கு எடை அந்த அளவுக்கு ஏறும். காலி எடையே போடாமல் 'போன தடவை எடை' என்று கம்ப்யூட்டரில் உள்ளதை எடுத்துக்கொள்வதும் நடக்கும். ஸ்கிராப்புக்குள் மண், துரு, எண்ணெயில் ஊறிய டர்னிங் (லேத்தில் சீவிய இரும்புத் தூள்) என்று ஏற்றுவது தரத்தில் நடக்கும் விளையாட்டு. அதை இறக்கிய இடத்திலேயே பார்த்துக் கழிவு போட வேண்டும். ஸ்கிராப் கொட்டிவைக்கும் பெட்டிக்குள் போன பிறகு யார் சரக்கு என்றே தெரியாது.

ஆகவே அந்த வியாபாரி சொன்னது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஆர்டர் போன கோபத்தில் சொல்வதாகவும் இருக்கலாம். அவரிடம் மூன்றே மூன்று விஷயம் கேளுங்கள்: எந்தத் தேதி லோடு, எந்த வண்டி, பணம் எந்த வழியில் போனது. தேதியும் வண்டி எண்ணும் சொல்லாத புகாரை வைத்துக்கொண்டு 18 வருட ஆளிடம் போய் நிற்காதீர்கள்.

உங்கள் அண்ணனிடம் இப்போதைக்கு வாயே திறக்க வேண்டாம். முதலில் எடைமேடைக் கேமராவின் பதிவைத் தனி ஹார்டு டிஸ்கில் எடுத்து வையுங்கள். பெரும்பாலான கேமராக்களில் 15 முதல் 30 நாளில் பழையது அழிந்துவிடும். நகல் எடுத்தவர் யார், என்றைக்கு எடுத்தார் என்று ஒரு குறிப்பும் வேண்டும். பின்னால் கோர்ட்டுக்குப் போனால் 2023 சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்று கேட்பார்கள். எடைச் சீட்டு, கேட் ரிஜிஸ்டர், சப்ளையர் பில் மூன்றையும் ஆறு மாதத்துக்கு ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். 'ஆடிட்டர் கேட்கிறார்' என்று சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அடுத்து உலோகக் கணக்கு. யாரையும் விசாரிக்காமல், யாரும் அறியாமல் நீங்களே போடக்கூடிய கணக்கு இது. பலர் இதைத் தப்பாகப் போடுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு மாதத்தில் வாங்கிய உலோகம் 300 டன் உலைக்குப் போனது, ஆரம்ப ஸ்டாக்கும் முடிவு ஸ்டாக்கும் சமம் என்று வைத்துக்கொள்வோம். உருக்கும்போது 4 சதவீதம் இழப்பு. உடனே 300-இல் 4 சதவீதம், 12 டன், ஆக 288 டன் காஸ்டிங் வர வேண்டும் என்று போடுகிறார்கள். அது தப்பு. உலைக்குள் வாங்கிய இரும்பு மட்டுமா போகிறது? ரன்னர், ரைசர் (அச்சில் காஸ்டிங்கோடு ஒட்டி உறையும் உபரி இரும்பு), ரிஜெக்‌ஷன் என்று நம்முடைய சொந்த இரும்பும் திரும்பத் திரும்பப் போகிறது. அது மாதம் 150 டன் என்றால் உலை உருக்கியது 450 டன். இழப்பு அந்த 450-இல் 4 சதவீதம், 18 டன். வெளியே வர வேண்டியது 282 டன். உங்கள் உலையின் இழப்பு 4 சதவீதமா 5 சதவீதமா என்று தெரியாவிட்டால், சுத்தமான ஸ்கிராப்பை உங்கள் கண்முன் எடை போட்டு நாலைந்து ஹீட் (உலை ஒருமுறை உருக்கி ஊற்றுவது ஒரு ஹீட்) உருக்கிப் பாருங்கள். மேஸ்திரி சொல்லும் சதவீதத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது டெஸ்பாட்ச் 270 டன் என்று வைப்போம். 12 டன் எங்கே? இங்கேதான் பலர் அவசரப்பட்டு ஆளைப் பிடிக்கிறார்கள். காஸ்டிங்கைப் பீஸ் கணக்கில் பில் போடுகிறீர்களா, எடை போட்டு பில் போடுகிறீர்களா? டிராயிங்கில் 14 கிலோ என்றுள்ள பம்ப் கேசிங், பேட்டர்ன் தேய்ந்தோ மோல்டு இளகியோ 14.4 கிலோ வரும். அந்த 400 கிராம் கஸ்டமருக்கு இனாம். 270 டன் என்பது டிராயிங் எடையை வைத்துப் போட்டது என்றால் இந்த வழியில் மட்டும் ஏறக்குறைய 8 டன் போயிருக்கும். அதற்குப் பர்ச்சேஸ் ஆளைத் திட்டிப் பயனில்லை. ஆகவே ஒவ்வொரு ஐட்டத்திலும் இருபது பீஸை நிஜமாக எடை போட்டுச் சராசரி எடுங்கள். உலையில் சேர்க்கும் பெரோ சிலிக்கான், கார்புரைசர் (கரிச் சத்து ஏற்றும் பொருள்) எடையையும் வாங்கிய உலோகத்தோடு கூட்டுங்கள். எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ஸ்கிராப் போட்டு உருக்கினால் அவையே சில சதவீதம் வரும். விட்டுவிட்டால் திருட்டு அந்த அளவுக்கு மறைந்துவிடும்.

உருக்கியதாக எழுதிய 450 டன் உண்மையா என்று சரிபார்க்க மின்சாரக் கணக்கு இருக்கிறது. இண்டக்‌ஷன் உலைக்கு டன்னுக்கு 550 முதல் 650 யூனிட் வரை ஓடும். உலைக்குத் தனி மீட்டர் இருந்தால், ஹீட் புக்கில் எழுதிய டன்னையும் யூனிட்டையும் மூன்று மாதம் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரு மாதம் மட்டும் டன்னுக்கான யூனிட் திடீரென்று குறைந்தால், அந்த மாதம் வராத இரும்பை உருக்கியதாக ஹீட் புக்கில் எழுதியிருக்கிறார்கள் என்று பொருள்.

இதெல்லாம் கழித்த பிறகும் மாதாமாதம் ஐந்தாறு டன் காணவில்லை என்றால், எடைமேடையில் கசிகிறது, அல்லது கேட் வழியாகப் போகிறது, அல்லது மண்ணையும் துருவையும் இரும்பு விலைக்கு வாங்குகிறீர்கள். சப்ளையர் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். இரண்டு வாரம் ஒரே சப்ளையரின் ஸ்கிராப்பை மட்டும் உருக்கினால் யார் சரக்கில் இழப்பு அதிகம் என்று உலையே காட்டிக்கொடுக்கும்.

பேப்பரில் பார்க்க வேண்டியதும் உண்டு. மூன்று கொட்டேஷன் வாங்கியிருப்பார், மூன்றும் ஒருவருடையதாக இருக்கும். ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்து. முதல் இரண்டு மாநில எண், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். இரண்டு கொட்டேஷனில் அந்தப் பத்தும் ஒன்றாக இருந்தால் முதலாளியும் ஒருவரே. பான் வேறாக இருந்தாலும் ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டு முகவரியையும் பதிவுத் தேதியையும் பாருங்கள். சப்ளையர்களின் வங்கிக் கணக்கு எண், போன் எண் பட்டியலை உங்கள் ஊழியர்களின் சம்பளக் கணக்கு, அவசரத் தொடர்பு எண்களோடு ஒப்பிடச் சொல்லுங்கள். எக்செல் தெரிந்த பிள்ளைக்கு அரை மணி நேர வேலை. 50,000-க்கு மேல் உங்கள் கையெழுத்து வேண்டும் என்று விதி இருந்தால், 48,500, 49,200 என்று ஒரே வாரத்தில் ஒரே ஆளுக்கு எத்தனை ஆர்டர் போயிருக்கிறது என்று கூட்டுங்கள்.

பில்லில் உள்ள வண்டி எண்ணையும் பத்துக்கு ஒன்று வாகனப் பதிவுத் தளத்தில் போட்டுப் பாருங்கள். பீகார் மாட்டுத் தீவன ஊழலில் மாடும் தீவனமும் ஏற்றிய 'லாரி'களின் எண்களைத் தேடியபோது ஸ்கூட்டரும் ஆட்டோவும் வந்தன. முப்பது வருடம் ஆகியும் அந்த வித்தை ஸ்கிராப் தொழிலை விட்டுப் போகவில்லை. சரக்கே வராத பில்லாக இருந்தால் உங்களுக்குக் கமிஷனை விடப் பெரிய தலைவலி. சரக்கு வராமல் எடுத்த உள்ளீட்டு வரிச் சலுகையை (பில்லில் உள்ள ஜிஎஸ்டியை உங்கள் வரியில் கழித்துக்கொண்டதை)த் திருப்பிக் கட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

கசிவை அடைப்பதற்கு வருகிறேன். ஆர்டர் போடுகிறவர், சரக்கை எடை போட்டு வாங்குகிறவர், பணம் அனுப்புகிறவர் என்று மூன்று பேர் வேண்டும். அறுபது பேர் வேலை செய்யும் இடத்தில் இது கஷ்டம் என்பார்கள். கஷ்டமில்லை. எடை போடும்போது பர்ச்சேஸ் ஆள் மேடைப் பக்கமே வரக்கூடாது என்ற ஒரே விதி பாதி வேலையைச் செய்துவிடும். காலி எடை அதே நாளில், அதே மேடையில், டிரைவர் கிளீனர் இருவரும் இரண்டு தடவையும் கீழே இறங்கி, டிரம் காலியாக. கேமரா நம்பர் பிளேட்டையும் எல்லாச் சக்கரமும் மேடை விளிம்புக்குள் நிற்பதையும் எடை காட்டும் இண்டிகேட்டரையும் சேர்த்துக் காட்ட வேண்டும். எடைச் சீட்டு எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், ரத்தான சீட்டும் கோப்பில் இருக்க வேண்டும். எடைமேடைக்கு வருடம் ஒருமுறை அரசு முத்திரை கட்டாயம், தேதியைப் பாருங்கள். பத்து லோடுக்கு ஒன்றை வெளி எடைமேடைக்கு அனுப்புங்கள். எந்த லோடு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். உங்கள் மனதில் தோன்றும் லோடு என்றால் ஒரு மாதத்தில் அதன் போக்கைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

யாரும் கவனிக்காத ஒரு விஷயம் பேமென்ட். வியாபாரி பர்ச்சேஸ் ஆளுக்குக் காசு கொடுப்பது ஆர்டருக்காக மட்டுமில்லை. "அண்ணா, நம்ம செக்கைக் கொஞ்சம் பார்த்து விடுங்க" என்பதற்காகவும்தான். 90 நாள் இழுத்தடிக்கும் கம்பெனியில் யார் பில்லை முதலில் தள்ளுவது என்ற அதிகாரமே ஒரு வியாபாரம். மாதம் 10, 25 என்று இரண்டு தேதி வையுங்கள். முதிர்ந்த பில் எல்லாம் அன்றைக்குத் தானாகப் போகட்டும். குறு, சிறு நிறுவன சப்ளையருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது என்பது எப்படியும் சட்டம். பிறகு எல்லா சப்ளையருக்கும் உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம்: எங்கள் ஆட்கள் யாருக்கும் பணமோ பரிசோ தர வேண்டாம், கேட்டால் இந்த எண்ணில் என்னிடம் சொல்லுங்கள், சொன்னதற்காக ஆர்டர் போகாது. தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு அனுப்பினால் வேலை செய்யும். தீபாவளிக்குப் பிறகு அனுப்பினால் சிரிப்பார்கள்.

உங்கள் அண்ணனுக்கு வருடத்தில் ஒருமுறை தொடர்ந்து பத்து நாள் கட்டாய விடுமுறை கொடுங்கள். அந்த நாட்களில் போனும் வரக்கூடாது. லீவே எடுக்காத பர்ச்சேஸ் ஆளை விசுவாசி என்று புகழ்வது நம் வழக்கம். தணிக்கைக்காரர்கள் அந்த இடத்தில்தான் முதலில் தோண்டுவார்கள். சம்பளத்தையும் பாருங்கள். மாதம் ஒரு கோடிக்கு மேல் சரக்கு வாங்கும் மனிதருக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை.

ஆதாரம் கையில் வந்த பிறகு அவரோடு பேசுங்கள், கூட இன்னொருவர் இருக்கட்டும். அறையைப் பூட்டி உட்கார வைப்பது, வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குவது, அவருடைய சொந்த போனைப் பிடுங்குவது எல்லாம் வழக்கை உங்கள் மேல் திருப்பிவிடும். எழுத்தில் விளக்கம் கேளுங்கள். தனியார் கம்பெனி ஊழியர் வாங்கும் கமிஷனுக்கு நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது, லஞ்ச ஒழிப்புச் சட்டம் அரசு ஊழியரைச் சுற்றியே எழுதப்பட்டது. போலீசுக்குப் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவில் ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடி, 316(4) பிரிவு. அது நிற்க வேண்டுமானால் 'கமிஷன் வாங்கினார்' என்பது போதாது, கம்பெனிச் சொத்து இத்தனை டன் போனது என்று காட்ட வேண்டும். உலோகக் கணக்கை முதலில் போடச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

இனி உங்கள் பயம். அதற்குக் காரணம் அவர் இல்லை, நீங்கள் பில் இல்லாமல் விற்கச் சொன்ன இரும்பு. மாமூலுக்குக் கணக்கில் வராத பணம் வேண்டும், அதற்குக் கணக்கில் வராத விற்பனை வேண்டும், அதைச் செய்ய ஒரு ஆள் வேண்டும். ஒரு லோடு பில் இல்லாமல் கேட்டைத் தாண்டலாம் என்று செக்யூரிட்டிக்கும் ஸ்டோர்ஸுக்கும் சொல்லிக்கொடுத்தது நீங்கள். அன்றைக்குப் போனது உங்கள் லோடா அவர் லோடா என்று கேட்க அதன்பிறகு யாருக்கும் வாய் கிடையாது. இந்தக் கதவை மூடாமல் எடைமேடைக்கு எத்தனை கேமரா போட்டும் புண்ணியமில்லை.

மூடும் வழி செலவுள்ளது, ஆனால் தெளிவானது. பில் இல்லாமல் விற்றதைத் தேதி வாரியாகப் பட்டியல் போட்டு ஆடிட்டரிடம் கொடுங்கள். ஜிஎஸ்டியில் நோட்டீஸ் வருமுன் நீங்களே டிஆர்சி-03 படிவத்தில் வரி, வட்டியோடு கட்டினால், மறைத்த விற்பனைக்கான அபராதம் வரியில் 15 சதவீதத்தோடு நிற்கும். யாரோ போட்டுக்கொடுத்து, நோட்டீஸ், உத்தரவு என்று இழுத்துப் போனால் வரிக்குச் சமமான தொகை வரை ஏறும். வருமான வரிக்குப் புதுப்பித்த ரிட்டர்ன் போடலாம். கட்டி முடித்த அன்றே 'வெளியே சொல்லிவிடுவேன்' என்ற மிரட்டலின் எடை பெருமளவு குறைந்துவிடும். இனி பழைய பாக்ஸ், கசடு இரும்பு எதுவானாலும் பில்லோடு, எடையோடு, வங்கியில் பணம் வந்த பிறகே கேட்டைத் தாண்டட்டும்.

லஞ்சம் கொடுத்த விஷயத்தில் உங்கள் நிலை சங்கடமானதுதான். லஞ்ச ஒழிப்புச் சட்டத்தில் 2018 ஜூலை 26 முதல் கொடுப்பதும் நேரடிக் குற்றம், 7 வருடம் வரை சிறை. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் 7 நாளுக்குள் போலீசிலோ விசாரணை அமைப்பிலோ சொல்லியிருக்க வேண்டும். கன்சல்டன்ட் கொடுத்தார், எனக்குத் தெரியாது என்பது எடுபடாது. நிறுவனத்துக்காக வேலை செய்யும் யார் கொடுத்தாலும் 9-வது பிரிவில் நிறுவனம் மாட்டும், சம்மதித்த பொறுப்பாளர் 10-வது பிரிவில் மாட்டுவார். பழையதைப் பற்றி எங்கேயும் எழுதிக் கொடுக்கும் முன் கிரிமினல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

வரப்போகும் புதுப்பித்தலை வேறு மாதிரி செய்யலாம். கடைசி வாரத்தில் விண்ணப்பம் கொடுத்தால் பேரம் அவர்கள் கையில். இந்த வாரமே கொடுத்துவிடுங்கள், ஒற்றைச் சாளரத் தளத்தில் அந்த லைசென்ஸ் இருந்தால் அங்கேயே. போன தடவை என்ன குறை சொன்னார்கள் என்ற பட்டியலை எடுத்து முன்கூட்டியே சரிசெய்யுங்கள். நிஜமான குறை இருக்கும் பவுண்டரியில்தான் மாமூல் சுலபமாக வேலை செய்கிறது. ரசீது எண்ணை வைத்துக்கொண்டு, பேச்சு எல்லாம் மின்னஞ்சலில். 2018-இல் வந்த தமிழ்நாடு வணிக வசதியாக்கல் சட்டம் பல அனுமதிகளுக்குக் காலக்கெடு வைத்திருக்கிறது, உங்களுடையது அதில் வருகிறதா என்று பாருங்கள். தாமதமானால் கோப்பு எந்தத் தேதியில் யார் மேசையில் இருந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். கம்பெனி பெயரில் போடாமல் உங்கள் சொந்தப் பெயரில் போடுங்கள், அந்த உரிமை குடிமக்களுக்கானது.

கன்சல்டன்ட்டோடு ஒப்பந்தத்தை எழுத்தில் மாற்றுங்கள்: அரசுக் கட்டணம் நம் கணக்கிலிருந்து நேராகப் போகும், அவருக்கு வேலைக்கான கூலி மட்டும், 'இதர செலவு' என்ற வரியே பில்லில் கிடையாது. இதற்கு அவர் மறுத்தால் ஆளை மாற்றுங்கள். கேட்கப்பட்ட 20,000-இல் அலுவலகத்துக்கு எவ்வளவு போனது, வழியில் எவ்வளவு நின்றது என்று உங்களுக்கு இன்றுவரை தெரியாது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

அதிகாரி நேரடியாகப் பணம் கேட்டுவிட்டால், "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்து, கொடுப்பதற்கு முன்பே மாவட்ட லஞ்ச ஒழிப்பு மற்றும் கண்காணிப்புப் பிரிவுக்குப் போங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டு, அவர்களுக்கு உதவியாகக் கொடுத்தால் கொடுத்தது குற்றமாகாது. நோட்டு எண்களைக் குறித்துக்கொண்டு, பினாப்தலின் பொடி தடவி, அரசு ஊழியர் ஒருவரைச் சாட்சியாக வைத்து அனுப்புவார்கள். வாங்கியவர் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவினால் இளஞ்சிவப்பாக மாறும். கேட்டது போனில் என்றால் பதிவான அந்த போனையே பத்திரமாக வையுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழிக்காதீர்கள். மத்திய அரசு ஊழியராக இருந்தால் இவர்கள் தொடமாட்டார்கள் என்று எண்ண வேண்டாம். 2023 டிசம்பரில் அமலாக்கத் துறை அதிகாரி ஒருவரைத் திண்டுக்கல் அருகே பிடித்தவர்களும் இவர்களே.